பல் அக்காவின் இரண்டு பதில்கள்

அவள் கையில் ஒரு பல் செட் மாறிப்போனதாகச் சரித்திரமே கிடையாது. இருபத்திரண்டு வருடமாகப் பல் மருத்துவமனையின் பின்அறையில், ஜன்னலை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து, ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் சிரிப்பு செய்து கொடுத்திருக்கிறாள். முன்அறையில் டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார். இவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, வேகவைத்து, தேய்த்து, பளபளவென்று திருப்பி அனுப்புவாள். அச்சு வந்து சேர்ந்த நொடியே அதன் முதுகில் நம்பர் விழும். தட்டில் ஒரு சீட்டு, மூடியில் ஒரு சீட்டு. ஒருவர் செட்டை இன்னொருவர் வாயில் வைத்தால் மயிரிழைகூடப் பொருந்தாது. வைத்துக்கொண்டவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது. அதனால் மாறக் கூடாது, மாறியதும் இல்லை.

அப்பேர்ப்பட்டவள்தான் இரண்டு கடிதங்களை மாற்றிப் போட்டாள். அதுவும் யாருக்கும் யாருக்கும் இடையில் என்று நினைக்கிறீர்கள்!

அதைச் சொல்வதற்கு முன்னால் வட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு, ஐந்து பேர் ஒரு ஹாலில் உட்கார்ந்து தாங்கள் எழுதிய கதையையும் கவிதையையும் படித்துக் காட்டுகிற கூட்டம், அதுதான் வட்டம். ஐந்து பேரில் ஒருவர் எழுத்தும் இதுவரை அச்சில் வந்ததில்லை. 'நாங்கள் எந்தப் பத்திரிகைக்கும் அனுப்புவதில்லை' என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்வார்கள். அனுப்பித் திரும்பி வந்ததைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். ஸ்கூல் வேன் ஓட்டுநர் சிக்னலில் நிற்கிற நேரத்தில் நாலு வரிக் கவிதை எழுதுவார். சிக்னல் சீக்கிரம் மாறிவிட்டால் மூன்று வரி. மருந்துக்கடை அம்மா மழையைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. ஜன்னல் திரை தைக்கிற கடை வைத்திருப்பவர் ஒருவர், வட்டத்துக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. எல்லாரையும்விட இளையவர் என்பதால் அவரைத் திரைத்தம்பி என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. இவள் பல் அக்கா.

ஐந்தாமவர் செக்கர். ரயிலில் நாற்பது வருடம் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். ஹால் அவருடையது, டீயும் பிஸ்கட்டும் அவருடையது, அதனால் முதல் வாசிப்பும் அவருடையது. சுவரில் கண்ணாடி போட்டு ஒரு பாராட்டுப் பத்திரம் தொங்கும்: 'கடமை தவறாதவர்.' புதிதாக யார் வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் அதைப் படித்தாக வேண்டும். அவருடைய கதைகளிலும் ஒரு கடமை தவறாத அதிகாரி கட்டாயம் வருவார். ரயிலில் ஏறுவார், யாருக்கும் பணியமாட்டார், எல்லாரையும் திருத்துவார், இறங்கிப் போவார். கதையைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், செக்கர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஒருமுறை வேன் ஓட்டுநர் 'கொஞ்சம் நீளமோ?' என்று எழுதிவிட்டு ஐந்து மாதம் பிஸ்கட் இல்லாமல் டீ குடித்தார்.

பல் அக்காவை வட்டத்துக்குள் இழுத்துப் போட்டதே செக்கர்தான். எட்டு வருடத்துக்கு முன்னால் புது செட் போட வந்தார். போட்டதும் பேசிப் பார்க்க வேண்டும், 'ச' வருகிறதா, 'ஃப' வருகிறதா என்று. எல்லாரும் ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்ணுவார்கள். இவர் பையிலிருந்து ஒரு கதையை எடுத்து முழுசாகப் படித்தார். வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள்.

"சத்தம் எல்லாம் சரியா வருதா சார்?" என்று கேட்டாள் இவள்.

"சத்தத்தை விடுங்கம்மா. கதை எப்படி?"

"நல்லாருக்கு சார்."

பொய். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற அவள் எட்டு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு 'நல்லாருக்கு' என்று எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஆமாம், எழுதித்தான். வட்டத்தில் கருத்தை வாயால் சொல்லக் கூடாது. படித்த பிரதியை எல்லாரும் வீட்டுக்கு எடுத்துப் போய், நிதானமாகப் படித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, இடையில் ஒரு நாள் செக்கர் வீட்டு வாசலில் இருக்கிற பெட்டியில் போட்டுவிட வேண்டும். அங்கே வந்து அவரவர் கவரை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். கவரின்மேல் மட்டும்தான் பெயர், யாருக்கு, யாரிடமிருந்து என்று. உள்ளே பெயரோ தலைப்போ எழுதக் கூடாது. இந்த விதிக்குக் காரணம் வேன் ஓட்டுநரின் மனைவி. மருந்துக்கடை அம்மா நல்ல மனசோடு எழுதிய 'உங்கள் காதல் வரிகளில் நனைந்துபோனேன்' என்கிற கடிதம் அந்த அம்மாள் கையில் அகப்பட்டு, வீடு இரண்டுபட்டது. அன்றிலிருந்து பெயர் கிடையாது. எந்த வீட்டில் எந்தக் கடிதம் மாட்டினாலும் 'இது எனக்கு வந்ததே இல்லை, வேற யாருக்கோ எழுதினது' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

இன்னொரு விதி, வந்த பதிலைப் பற்றி அடுத்த கூட்டம்வரை பேசக் கூடாது. பதிலுக்குப் பதில், திருத்தி எழுதின கதைதான்.

பல் அக்கா கதை எழுதுவது குறைவு. வருடத்துக்கு ஒன்று, அதுவும் ஒரு பக்கம். ஆனால் பதில் எழுதுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடிக்கக் கொடுத்த நீலக் காகிதம் பல்லில் எங்கே அழுத்துகிறது என்று காட்டிக்கொடுக்கிற மாதிரி, ஒரு கதை எங்கே இடிக்கிறது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடும். மழைக் கவிதையில் எந்த மழை நிஜமாகப் பெய்த மழை என்று குறித்துக் கொடுப்பாள். செக்கருக்கு மட்டும் இரண்டே வரி, 'நல்லாருக்கு' என்பதைக் கொஞ்சம் நீட்டி.

போன கூட்டத்தில் திரைத்தம்பி பதினாலு பக்கக் கதை ஒன்றைப் படித்தார். ஊரைவிட்டுப் போன மகனின் அறையை ஒரு அம்மா தினமும் பெருக்கிக்கொண்டே இருக்கிற கதை. படித்து முடித்துவிட்டுக் காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னார், "இதோட நிறுத்திக்கலாம்னு இருக்கேங்க. நமக்கு இது வரலை. தைக்கிற வேலையையாவது ஒழுங்கா பார்க்கலாம்."

பல் அக்காவுக்கு மனசு பொறுக்கவில்லை. ஐந்து பேரில் எழுத்து யாரிடமாவது இருக்கிறது என்றால் அது இவரிடம்தான். கதையில் குறை இருந்தது. மூன்று பக்கத்துக்குத் தெருவைச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறார். ஆனால் கிளம்புகிற மனுஷனிடம் குறை சொல்வார்களா? மத்தியான இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு எழுதினாள்.

'கதையை முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். தயவுசெய்து எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். அந்த அம்மா என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறார். நீங்கள் அவரைப் பற்றிச் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதுதான் அதிகம். அந்த வீட்டில் எல்லாவற்றிலும் அவர் கை பட்டிருக்கிறது. அவரைப் பற்றி இன்னும் எழுதுங்கள். எழுத வேண்டியவர் நீங்கள்தான்.'

இதை எழுதின வேகத்தில் அவளுக்கே ஒரு தைரியம் வந்துவிட்டது. ஒருவருக்கு மனசாரச் சொல்லிவிட்டால் இன்னொருவருக்குப் பொய் சொல்லக் கை வராது போலிருக்கிறது. செக்கரின் கதையை எடுத்தாள். அதே அதிகாரி, அதே ரயில். எட்டு வருடப் பொறுமை அந்த இடத்தில் தீர்ந்தது.

'முதல் மூன்று பக்கங்களைக் கிழித்துப் போடுங்கள். கதை நாலாம் பக்கத்தில்தான் மூச்சு விடுகிறது. உங்கள் ஆள் இவ்வளவு நல்லவராக இருக்க வேண்டாம். நிஜ மனுஷன் ஒரு தப்பாவது செய்திருப்பான். அந்த ஒரு தப்பை எழுதுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும். கோபித்துக்கொள்ளாதீர்கள். ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது.'

அந்த நேரம் பார்த்து டாக்டர் முன்அறையிலிருந்து கத்தினார். கல்யாணப் பெண்ணின் அப்பா ஒருவர், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இருமியதில் மேல் செட் தரையில் விழுந்து இரண்டாகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஒட்டித் தர வேண்டும். அந்தத் தட்டுக்கு நம்பர் எழுதி, மூடிக்கு நம்பர் எழுதி, ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தாள். கையோடு கடிதங்களையும் மடித்துக் கவரில் போட்டு ஒட்டினாள். அவற்றுக்கு நம்பர் போடவில்லை.

எட்டு நாள் கழித்துத் திரைத்தம்பி போன் செய்தார்.

"அக்கா, பேசக் கூடாதுன்னு ரூல் தெரியும். ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வெச்சிடறேன். கிழிச்சிட்டேன்."

"என்னத்தை?"

"மூணு பக்கத்தையும்தான். நீங்க சொன்ன மாதிரியே."

பல் அக்கா கையிலிருந்த மெழுகுக் கத்தி மேஜைமேல் விழுந்தது. "தம்பி, நான்..." என்று ஆரம்பித்தாள்.

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்க்கா. ரெண்டு வருஷமா எல்லாரும் என்னைத் தட்டிக் குடுத்துக்கிட்டே இருந்தாங்க. நல்லாருக்கு, நல்லாருக்குன்னு. திரை தெச்சுக் குடுத்தா ஒரு அங்குலம் கூடினாலும் திட்டறாங்க, திருப்பி அனுப்பறாங்க. கதைக்கு மட்டும் ஒருத்தர்கூடத் திட்டலைன்னா என்ன அர்த்தம்? ஒழுங்காவே படிக்கலைன்னுதானே? இந்தத் தடவையும் யாராவது 'ஆகா, நிறுத்திடாதீங்க'ன்னு எழுதியிருந்தா சத்தியமா விட்டிருப்பேன். நீங்க ஒருத்தர்தான் என்னை ஒரு ஆளா மதிச்சுத் திட்டியிருக்கீங்க."

போனை வைத்துவிட்டார். பல் அக்காவுக்குப் புரிந்தது, கடிதம் கவர் மாறிப் போயிருக்கிறது. தான் உருகி உருகி எழுதினது இவர் கைக்குப் போயிருந்தால் இன்றைக்குப் பேனாவை மூடி வைத்திருப்பார். நல்லவேளை என்று சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா? அதற்குள் அடுத்த நினைப்பு வந்து தலையில் அடித்தது. அப்படியென்றால் அந்த உருகல் யாரிடம்?

சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். மின்விசிறி பழுது பார்க்கிறவன். வட்டத்துக்கு 'ஒருத்தர் முதுகை ஒருத்தர் சொறியற சங்கம்' என்று பெயர் வைத்திருப்பவன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

"அந்தக் கதையில அம்மா இருக்காங்களா?"

"பொம்பளையே கிடையாதுங்க. ரயில்தான் இருக்கு."

"அப்போ ரயிலைத்தான் அம்மான்னு சொல்றேன்னு நினைச்சிருப்பார். பேசாம இரு."

பேசாமல்தான் இருந்தாள். வேறு வழி? போய் உண்மையைச் சொன்னால், 'அப்போ எனக்கு எழுதினது எங்கே?' என்று கேட்பார். கேட்டால் கிழிக்கச் சொன்னதைச் சொல்ல வேண்டும். எட்டு வருடப் பொய் வெளியே வரும். செக்கர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், ஹால் போய்விடும், வட்டம் போய்விடும். நாள் முழுக்கப் பேசாத வாய்களை மேய்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு மாதத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் மனுஷப் பேச்சு. மழைக் கவிதையே ஆனாலும் அது இல்லாமல் அவளால் முடியாது. சொல்லாமலும் முடியாது. தன்னுடையதல்லாத ஒரு பாராட்டை அந்த மனுஷன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிகிறாரே என்று உறுத்தியது.

ஒரு நாள் காய்கறிக் கடையில் செக்கர் எதிரே வந்துவிட்டார். இவளைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். எட்டு வருடத்தில் அப்படிச் சிரித்ததில்லை. தான் நட்ட பதினாலு மேல்பற்களும் தன்னைப் பார்த்துப் பளிச்சென்று சிரிப்பதைத் தாங்க முடியாமல், வாங்கின தக்காளியைத் தராசிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

கூட்ட நாள் வந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பல் அக்கா முடிவெடுத்துக்கொண்டு போனாள்.

வழக்கத்துக்கு மாறாக, "தம்பி முதல்ல படிக்கட்டும்" என்றார் செக்கர். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். திரைத்தம்பி படித்தார். பதினாலு பக்கம் ஒன்பதாகியிருந்தது. எடுத்த எடுப்பில் அறை, துடைப்பம், அம்மா. போன தடவை தங்கமாக இருந்த மகன் இந்தத் தடவை அம்மாவை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கதவை அறைந்துகொண்டு போயிருந்தான். அந்த வார்த்தை என்ன என்று கதையில் இல்லை. அம்மா பெருக்கிக்கொண்டே இருந்தார். மருந்துக்கடை அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பல் அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிறகு செக்கர் காகிதத்தை எடுத்தார். இரண்டே பக்கம். எப்போதும் பிளாட்பாரத்தின் கடைசிவரை கேட்கிற குரலில் படிப்பவர், அன்று பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி படித்தார்.

அதே அதிகாரி, அதே ரயில். நடுவில் ஒரு ஸ்டேஷனில் ஜன்னலோரம் ஒருவர் ஓடி வந்து தகவல் சொல்கிறார்: அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வரச் சொன்னார்கள். கூட வேலை செய்கிறவன் சொல்கிறான், நீ இறங்கிப் போ, மிச்சப் பெட்டிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். அதிகாரி கையிலிருக்கிற பட்டியலைப் பார்க்கிறார். இன்னும் ஆறு பெட்டி. முடித்துவிட்டே போகிறேன் என்கிறார். முடிக்கிறார். டிக்கெட் இல்லாத மூன்று பேரைப் பிடிக்கிறார். மறுநாள் மத்தியானம் வீட்டுத் தெருவில் திரும்புகிறார். தூரத்திலிருந்தே வாசல் தெரிகிறது. வாசலில் செருப்புகள். நின்று எண்ணுகிறார். எண்ணுவது அவர் தொழில். முப்பத்தொரு ஜோடி. அம்மாவுடையதை எண்ணிக்கையில் சேர்ப்பதா என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறார்.

அவ்வளவுதான் கதை.

யாரும் டீயைத் தொடவில்லை. வேன் ஓட்டுநர் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பல் அக்கா அழுதுவிட்டாள். நிஜ மனுஷன் செய்த அந்த ஒரு தப்பு. அவள் எழுதிக் கேட்டது. அவருக்குப் போய்ச் சேராதது.

எல்லாரும் கிளம்பினபோது டம்ளர் கழுவுகிற சாக்கில் அவள் மட்டும் பின்தங்கினாள். கை ஈரத்தோடு ஹாலுக்கு வந்தாள்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தக் கடிதம்..."

"எனக்கு எழுதினது இல்ல. தெரியும்."

"தெரியுமா!"

"ரெண்டாவது வரியிலேயே பிடிச்சிட்டேன். எழுதறதை நிறுத்திடாதீங்கன்னு இருந்துச்சு. நான் எப்பம்மா நிறுத்தறேன்னு சொன்னேன்? நான் நிறுத்தணும்னு இங்க நாலு பேர் வேண்டிக்கிட்டு இருக்கீங்க."

பல் அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "எனக்கு எழுதினது எங்க?" என்றார் செக்கர்.

"தம்பிகிட்ட இருக்கு."

"என்ன எழுதியிருந்தீங்க?"

ஆனது ஆகட்டும் என்று சொல்லிவிட்டாள். "முதல் மூணு பக்கத்தைக் கிழிச்சுப் போடுங்கன்னு."

"எட்டு வருஷமா ஏன் சொல்லலை?"

"முதல் நாளே நல்லாருக்குன்னு சொல்லிட்டேனே சார்."

செக்கர் சிரித்தார். மேல் செட் நழுவுகிற அளவுக்குச் சிரித்துவிட்டு, விரலால் அதை அழுத்தி உட்கார வைத்துக்கொண்டு, "இதுவும் ஆடுது, நாளைக்கு வரேன்" என்றார். பல் அக்காவுக்கு உயிர் வந்தது.

"கடிதம் மாறினது தெரிஞ்சும் ஏன் சார் திருப்பித் தரலை?"

செக்கர் சுவரைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். 'கடமை தவறாதவர்.'

"அம்மா தவறின அந்த வருஷம்தான் இதைக் குடுத்தாங்க. வர்றவங்க எல்லாரும் அதைப் படிச்சுட்டுக் கை குடுப்பாங்க. அம்மாவைப் பத்தி ஒருத்தரும் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல." சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. "தம்பிகிட்ட குடுத்துடலாம்னுதான் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பினேன். வாசல்ல நின்னு இன்னொரு தடவை படிச்சேன். அந்த வீட்டில எல்லாத்திலயும் அவங்க கை பட்டிருக்குன்னு எழுதியிருந்தீங்க. உள்ள திரும்பி வந்துட்டேன்."

பல் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்துக்காக நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"தம்பிக்கு வேற எழுதிக் குடுங்க. இது இங்கேயே இருக்கட்டும். நாப்பது வருஷம் அடுத்தவர் டிக்கெட்ல வந்தவங்களை ஒருத்தர் விடாம இறக்கிவிட்டிருக்கேன்மா. இந்த ஒரு தடவை நானே அப்படி வந்துட்டேன். இறக்கிவிட்டுடாதீங்க."

அவள் நீட்டின கையை மடக்கிக்கொண்டாள்.